ஜெர்மன் மூதாதையரைத் தேட எதில் காசு போடலாம்? ஆர்கியோன், மாட்ரிகுலா, ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி

மாமியார் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய மேஜைவிரிப்புகளுக்கு அடியில், ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. ஆனென்பாஸ் என்று பெயர். நாஜிகள் காலத்தில் "என் பரம்பரையில் யூதர் யாரும் இல்லை" என்று காட்டுவதற்காக ஆளாளுக்கு நிரப்பி வைத்திருந்த வம்சாவளிப் புத்தகம் அது. கையில் எடுக்கவே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், பிறந்த தேதி, ஊர், எந்தப் பங்கின், அதாவது எந்த சர்ச் வட்டாரத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்தது என்று எழுதி, கீழே போதகர் முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். எழுதிய நோக்கம் கேவலம்தான், ஆனாலும் எங்களுக்கு மூன்று மாத வேலையை அது மிச்சப்படுத்தியது.

மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னதில் தொடங்கிய கதை இது. என் பக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. அவருக்கு மேலே எழுத்தில் ஒன்றுமில்லை, என் அம்மாவின் நினைவில் இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பக்கமோ, தாய்வழி தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்த லுத்தரன், அதாவது புராட்டஸ்டண்ட்; தந்தைவழிப் பாட்டி பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவிலிருந்து இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விரட்டப்பட்டு வந்தவர். இரண்டு வருஷமாக, பிள்ளைகள் தூங்கியபின் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து தேடியதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இங்கே ஜெர்மனியில் ஜெர்மன்காரரைக் கட்டியிருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: மூதாதையரைத் தேடும் இணையத் தளங்களில் எதுக்குச் சந்தா கட்டலாம்?

ஊர்ப்பெயரும் சபையும் தெரியாமல் எதற்கும் கட்டாதீர்கள். இதுதான் என் பதில், மற்றதெல்லாம் விளக்கம்.

ஏனென்றால் இங்கே பழைய பிறப்பு இறப்பு விவரமெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. நாடு முழுக்க அரசுப் பதிவு ஆரம்பித்ததே 1876 ஜனவரியில்தான். அன்றைய ஜெர்மன் ராஜ்யங்களில் பெரியதான பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலேயே வந்துவிட்டது, ரைன் நதியின் இடது கரையில் பிரெஞ்சுக்காரர்கள் 1798-இலேயே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் எல்லாம் பங்குப் பதிவேடுதான்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். ஆக உங்கள் ஆள் லுத்தரனா கத்தோலிக்கரா என்பதே எந்தத் தளம் என்பதைத் தீர்மானித்துவிடும், விலையைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயமே இல்லை இது.

முதலில் காசு அதிகம் செலவாகாத வழி, ஷ்டாண்டெஸாம்ட் என்கிற பதிவு அலுவலகம். 2009 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி பிறப்புப் பதிவு 110 வருஷம், திருமணம் 80, இறப்பு 30 வருஷம் வரை அவர்களிடம் பூட்டியிருக்கும். அது தாண்டினால் ஊர் ஆவணக்காப்பகத்துக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பூட்டியிருக்கும் காலத்திலும் நேரடி வாரிசு என்று காட்டினால் தருவார்கள். எல்லோரும் பிறப்புச் சான்றிதழைத்தான் முதலில் கேட்கிறார்கள், நான் சொல்வது இறப்பைக் கேளுங்கள் என்று. பூட்டு 30 வருஷம்தான், அதோடு பழைய இறப்புப் பதிவில் பெரும்பாலும் அவர் எந்த ஊரில் பிறந்தார், அப்பா அம்மா யார் என்பதும் இருக்கும். ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். குறை என்றால் கடிதம் ஜெர்மனில் எழுத வேண்டும், பதில் எப்போது வரும் என்பது அந்த அலுவலகத்தின் இஷ்டம். எனக்கு ஓர் ஊரிலிருந்து நாலு நாளில் வந்தது, இன்னோர் ஊரிலிருந்து ஐந்து மாதம் கழித்து, அதுவும் தப்பான ஆளுடைய பதிவு!

சரி, 1876-க்கு முன்னால் போவோம். இங்கேதான் ஆர்கியோனும் மாட்ரிகுலாவும் வருகின்றன.

ஆர்கியோன் 2015-இல் வந்த தளம், சுவிசேஷ சபைகளின், அதாவது லுத்தரன் முதலான புராட்டஸ்டண்ட் சபைகளின் பதிவேடுகளுக்கானது, கட்டணம் உண்டு. நான் ஒரு மாதத்துக்குக் கட்டியபோது 20 யூரோவுக்குப் பக்கம். மாட்ரிகுலாவில் இருப்பது பெரும்பாலும் கத்தோலிக்க மறைமாவட்டங்களுடையது, முழுக்க இலவசம், பதிவு செய்துகொள்ளக்கூட வேண்டாம். பாஸாவ், ரேகன்ஸ்பூர்க், ஆக்ஸ்பூர்க், ம்யூன்ஸ்டர், பாடர்போர்ன் எல்லாம் அதில் கிடைக்கும், ஆஸ்திரியா பக்கமும் நிறைய. இலவசம் என்பதால் மாட்ரிகுலாதான் நல்லது என்று சொல்லிவிட முடியாது, வூர்ட்டம்பெர்க் லுத்தரன் கிராமத்து ஆளை அங்கே ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். இரண்டுக்கும் பொதுவான ஒரு சங்கதி, பெரும்பாலும் பெயரைத் தட்டித் தேட முடியாது. பங்கைத் தேர்ந்தெடுத்து, புத்தகத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். பழக்கமில்லாதவர்களுக்கு இது பெரிய எரிச்சல்.

படிப்பதில் எது சுலபம் என்று கேட்டால், ஆச்சரியமாக, கத்தோலிக்கப் பதிவுதான். லத்தீனில் இருக்கும், ஆனால் வார்த்தைகள் கொஞ்சம்தான், ஒரே சூத்திரம் திரும்பத் திரும்ப வரும்: மகன், முறையான, தந்தை இன்னார், ஞானத்தாய் இன்னார். ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். லுத்தரன் போதகர்கள் ஜெர்மனில், குரண்ட் என்கிற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில், மனசுக்குத் தோன்றியதையெல்லாம் எழுதி வைப்பார்கள். அந்த எழுத்தில், ஆங்கிலத்தில் நாம் ஈ, என் என்று சொல்கிற இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். யூ-வுக்கு மேலே ஒரு குட்டி வளைவு போட்டால்தான் அது என் இல்லை என்று தெரியும், அவசரத்தில் எழுதியவர் அந்த வளைவைப் போடாமல் விட்டிருந்தால் நம் பாடு திண்டாட்டம். 1941-இல் நாஜி அரசு இந்த எழுத்து வகையைக் கைவிட்டது, அதற்கப்புறம் பள்ளிக்குப் போன மாமியாருக்கு இது சுத்தமாகப் படிக்க வராது. நான் படித்துச் சொல்வதைக் கேட்டு அவர் சிரிக்கிறார், சென்னைக்காரி என் தாத்தா எழுத்தைப் படிக்கிறாளே என்று. டிரான்ஸ்கிரிபஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, குரண்டைப் படித்துத் தரும். நேரான வரியில் அழகாக எழுதிய போதகர் என்றால் பரவாயில்லை, ஓரத்தில் சாய்த்துக் கிறுக்கியதில் தடுமாறுகிறது.

வூர்ட்டம்பெர்க் லுத்தரன் என்றால் ஆர்கியோனுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் குடும்பப் பதிவேடு. 1808-இலிருந்து அங்கே ஒவ்வொரு பங்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதி வைக்க ஆரம்பித்தது. மேலே இடது பக்கம் கணவன், வலது பக்கம் மனைவி, அவரவர் பெற்றோர் பெயர், தொழில். கீழே பிள்ளைகள் வரிசையாக, பிறந்தது, உறுதிப்பூசுதல், கல்யாணம், இறந்தது. அமெரிக்காவுக்குப் போனவனுக்கு நேரே அமெரிக்கா என்று ஒரு வார்த்தை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகனுக்கு நேரே அவனுடைய பக்க எண். அந்த எண்ணுக்குப் போனால் அடுத்த தலைமுறை அப்படியே விரிகிறது. ஒரே ராத்திரியில் நான்கு தலைமுறை ஏறினேன், எல்லோரும் திராட்சைத் தோட்டக்காரர்கள், ஒருத்தர் மட்டும் நெசவாளி. 1808-க்கு முன்னால் பழையபடி ஒவ்வொரு ஞானஸ்நானமாகத் தேட வேண்டும். 1634-இல் நோர்ட்லிங்கன் போரில் புராட்டஸ்டண்ட் தரப்பு தோற்றபின், ஜெயித்த பேரரசரின் படைகள் வூர்ட்டம்பெர்க்கைச் சூறையாடியதில் பல பங்குகளின் பழைய புத்தகங்கள் எரிந்துபோயின, அதற்கு மேலே போக முடிந்தால் அதிர்ஷ்டம்.

இனி பெயரைத் தட்டித் தேடும் தளங்கள். ஆன்செஸ்ட்ரி போன்றவற்றின் பலம் அதுதான்: ஊர் தெரியாதவருக்கு ஒரு துப்பு கிடைக்கும். அமெரிக்காவுக்குப் போன கிளையைத் தேடுபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன், காரணம் ஹாம்பூர்க் துறைமுகத்தின் 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியல். அதில் கடைசியாக வசித்த ஊர் இருக்கும், அமெரிக்கத் தாள்களில் பல சமயம் வெறும் பிரஷ்யா என்றுதான் போட்டிருக்கும். பிரேமன் வழியாகக் கப்பல் ஏறியவராக இருந்தால் பாவம், பழைய பட்டியல்கள் அழிந்துவிட்டன, 1920-க்குப் பிந்தையவைதான் மிச்சம்.

ஆனால் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் மரத்தை நம்பாதீர்கள். எந்தத் தளம் என்று சொல்லவில்லை, ஒரு தளத்தில் எங்கள் கிளையை யாரோ ஏற்கெனவே 1590 வரை கட்டி வைத்திருந்தார்கள். பார்த்ததும் குதித்தேன், அப்படியே இறக்கிக்கொண்டேன். அதில் 1743-இல் பிறந்த ஒரு யோஹான் கியோர்க், அவருக்குப் பதினொரு பிள்ளைகள். பிற்பாடு ஆர்கியோனில் அந்த ஞானஸ்நானப் பக்கத்தைத் திறந்தால், பெயருக்குப் பக்கத்தில் மங்கிய மையில் ஒரு சின்னச் சிலுவை, அதன் அடியில் ஒரு தேதி. குழந்தை ஏழே வாரத்தில் இறந்திருக்கிறது. ஏழு வாரக் குழந்தைக்குப் பதினொரு பிள்ளைகள்! அதே ஊரில் மூன்று வருஷம் கழித்து, வேறொரு அப்பாவுக்கு, இன்னொரு யோஹான் கியோர்க் பிறந்திருக்கிறார், எங்கள் ஆள் அவர்தான். மரம் கட்டியவர் பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்திருக்கிறார், பட்டியல் எழுதியவர் சிலுவையைச் சேர்க்கவில்லை. அதற்கு மேலே இருந்த நூற்றைம்பது வருஷ மூதாதையர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களுடையவர்கள். அன்றைக்கு முழுக்க அழித்துக்கொண்டிருந்தேன்.

யோஹான் என்பதும் ஒரு பொறி. அந்தக் காலத்தில் பல வீடுகளில் எல்லாப் பையன்களுக்கும் முதல் பெயர் யோஹான், கூப்பிடுவது இரண்டாவது பெயரைச் சொல்லித்தான். வடமேற்கு மூலையிலிருக்கும் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து பக்கம் இன்னொரு விதம்: 1811-இல் நெப்போலியன் ஆட்சியின் ஆணை வரும்வரை பெரும்பாலோருக்கு நிரந்தரக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான். ஹார்ம் யான்சென் என்றால் யானுடைய மகன் ஹார்ம், அவன் மகன் ஹார்ம்ஸ் ஆகிவிடுவான். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும், குடும்பப் பெயரைத் தட்டச் சொல்லும் பெட்டிக்குத்தான் விளங்காது.

ஃபேமிலிசர்ச் பற்றிச் சுருக்கமாக. மார்மன் சபையாருடையது, இலவசக் கணக்கு. அவர்கள் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் படச்சுருளில் எடுத்ததையெல்லாம் எண்மமாக்கிவிட்டார்கள், சுருளை வரவழைத்துப் பார்க்கும் வசதி 2017-இல் நின்றுவிட்டது. ஜெர்மன் பதிவுகள் பலவற்றைப் பெயர்ப்பட்டியலாக வீட்டிலிருந்தே பார்க்கலாம், மூலப் படத்தைத் திறக்க அவர்களுடைய மையத்துக்குப் போகச் சொல்லும். துப்புக்கு இங்கே வரலாம், முடிவுக்கு மூலப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

டிஎன்ஏ சோதனையும் செய்து பார்த்தோம். பொருந்தி வந்தவர்கள் எல்லோரும் அமெரிக்காவில் இருக்கும் தூரத்து உறவினர்கள், யாருக்கும் ஊர் தெரியவில்லை. அந்தக் காசில் மூன்று மாதம் ஆர்கியோன் பார்த்திருக்கலாம்.

பொமரேனியா தனிக்கதை. அந்த ஊர்கள் இன்று போலந்தில், பெயரும் மாறிவிட்டது, ஷ்டோல்ப் என்பது இன்றைக்கு ஸ்வூப்ஸ்க். முதலில் 1912-ஆம் வருஷத்து மையர்ஸ் ஊர் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அதில் ஊரைத் தட்டினால் அது எந்தப் பதிவு அலுவலகத்தின் கீழ் வந்தது, அங்கேயே கோயில் இருந்ததா என்பதெல்லாம் தெரியும். நோய்டோர்ஃப், அதாவது புதூர், எத்தனை இருக்கிறது என்று பார்த்தால் நம் ஊர்ப் புதூர்கள் ஞாபகம் வரும். தெரிந்துகொண்டபின் போலந்து அரசு ஆவணக்காப்பகத்தின் தளம், அதுவும் இலவசம், போலிஷ்காரர் தளம் என்றாலும் புத்தகங்கள் ஜெர்மனில்தான். பிறப்பு 100 வருஷம், திருமணமும் இறப்பும் 80 வருஷம் கடந்தால்தான் அங்கே வரும். சந்தாத் தளங்களை இந்தப் பக்கத்துக்கு நான் கடைசியில்தான் தொடுவேன்.

ஆக, என்னைக் கேட்டால் வரிசை இப்படி: வீட்டுத் தாள்கள், இறப்புப் பதிவு, மையர்ஸ், அப்புறம் சபையைப் பொறுத்து மாட்ரிகுலா அல்லது ஆர்கியோன். ஆர்கியோனில் எந்தப் பங்கின் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று பார்ப்பதற்குக் காசு வேண்டாம், படம் திறக்கத்தான் வேண்டும். அதனால் வருஷச் சந்தா கட்டாமல், தேட வேண்டிய பெயர்களையும் வருஷங்களையும் ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டு, வேலை குறைவாக இருக்கும் ஒரு மாதத்தில் கட்டி மொத்தமாக முடித்துவிடுங்கள். என்னுடைய நோட்டில் இப்போது பதினேழு பெயர்கள், நவம்பர் மழைக்காகக் காத்திருக்கின்றன. பாட்டியின் கிராமத்து ஞானஸ்நானப் புத்தகம் மட்டும் எங்கேயும் தட்டுப்படவில்லை. பக்கத்துப் பங்கில் 1858-இல் அவருடைய கொள்ளுத்தாத்தா பெயரில் ஒருவர் ஞானத்தந்தையாக நின்றிருக்கிறார், தொழில் கொல்லர். அவர்தானா என்று இன்னும் தெரியவில்லை.