நவம்பரில் நிற்கும் தண்ணீர்: பார்க்லேண்ட், லிங்க்ஸ், ஹீத்லேண்ட் ஓர் ஒப்பீடு

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ கோல்ஃப் கிளப் ஒன்றில் ஆண்டுச் சந்தா கட்ட நினைப்பவருக்குப் பெரும்பாலும் மூன்று வகை மைதானங்கள் கண்ணில் படும். கடலோர மணல்மேட்டில் இருப்பது லிங்க்ஸ். உள்நாட்டில், மணற்பாங்கான நிலத்தில் ஹெதர் புதர்களுக்கு நடுவே இருப்பது ஹீத்லேண்ட். பழைய பண்ணை நிலத்திலோ மாளிகைத் தோட்டத்திலோ ஓக், பீச் மரங்களுக்கு இடையே அமைந்தது பார்க்லேண்ட். நான் சந்தா கட்டுவது பார்க்லேண்டுக்கு. ஆகவே தராசு அந்தப் பக்கம் சாயும்; முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லிங்க்ஸில் காற்று அதிகம், தரை கெட்டி. கிரீனுக்கு (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) முப்பது கெஜம் முன்னாலேயே பந்தைத் தரையில் போட்டு ஓடவிட வேண்டும். பார்க்லேண்டில் பந்து உயரப் போய், விழுந்த இடத்தை ஒட்டி நின்றுவிடும். ஓப்பன் சாம்பியன்ஷிப் லிங்க்ஸில் மட்டுமே நடக்கும். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல்தான் உலகத்துக்குத் தெரிந்த பார்க்லேண்ட். எது அழகு என்ற பேச்சுக்கு நான் வரவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். 18 குழி மைதானம் 50 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால், ராத்திரி பெய்த 20 மி.மீ. மழை ஒரு கோடி லிட்டர். லிங்க்ஸின் மணல் அதைக் குடித்துவிட்டுக் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஹீத்லேண்டும் ஏறக்குறைய அப்படித்தான். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே, பெர்க்ஷயர் பக்கம் சன்னிங்டேல் (1901), ஸ்வின்லி ஃபாரஸ்ட் (1909), செயின்ட் ஜார்ஜஸ் ஹில் (1913) என்று வரிசையாக நல்ல மைதானங்கள் அமைந்ததற்கு அங்குள்ள மணல்தான் காரணம். பார்க்லேண்டுக்கு வாய்த்தது பெரும்பாலும் களிமண். பசு மேய அருமையான மண், ஓக் வளர அருமையான மண். கோல்ஃபுக்கு மட்டும் ஆகாது.

பணம் கொட்டினாலும் இது சுலபத்தில் தீராது. 2010 அக்டோபரில் வேல்ஸின் கெல்டிக் மேனரில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணியாக மோதும் ரைடர் கோப்பை நடந்தது. அந்தப் போட்டியை மனதில் வைத்தே அஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைத்த மைதானம் அது. முதல் நாளே மழையால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. ரைடர் கோப்பை வரலாற்றில் முதன்முறையாக ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய் முடிந்தது.

ஆகவே பார்க்லேண்டில் நல்லது எது, சுமார் எது என்பதைப் பிரிப்பது மண்ணுக்குள் இருக்கும் வடிகால். ஃபேர்வே (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே குட்டையாக வெட்டிய புல்தரை) வடிகால் இரண்டு அடுக்கு வேலை. முதல் அடுக்கு குழாய்: 80 அல்லது 100 மி.மீ. துளைக்குழாயைச் சுமார் 60 செ.மீ. ஆழத்தில் வைத்து, சுற்றிலும் கழுவிய சரளை போடுவார்கள். களிமண்ணில் ஐந்து முதல் பத்து மீட்டருக்கு ஒரு குழாய் வேண்டும். அப்போதும் இரண்டு குழாய்களுக்கு நடுவே விழுந்த தண்ணீர் களிமண்ணைத் தாண்டி வராது. அதற்குத்தான் இரண்டாவது அடுக்கு: குழாய்களுக்குக் குறுக்கே, மீட்டருக்கு ஒன்றாக, இரண்டு விரல் அகலத்தில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் கீற்று வெட்டி, கீழே சரளையும் மேலே மணலும் நிரப்புவது. மழைநீர் கீற்றில் இறங்கும், கீற்று குழாயில் கொட்டும், குழாய் ஓடையில் கொட்டும். மூன்றில் எது அடைத்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

அடைப்பு பெரும்பாலும் மேல் வாயில்தான் விழும். களிமண்ணில் மண்புழு ஏராளம். குளிர்காலக் காலைகளில் ஃபேர்வே முழுக்க எச்சக் குவியல். அதன்மேல் வெட்டும் எந்திரத்தின் சக்கரம் ஏறினால், ஒவ்வொரு குவியலும் சப்பாத்திபோல நசுங்கி மணல் கீற்றின் வாயை மெழுகிவிடும். அரை அங்குலக் களிமண் பூச்சு போதும், கீழே லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட குழாய் காய்ந்து கிடக்க, மேலே குளம் கட்டும். புழுவை அடக்க முன்பு கார்பென்டசிம் தெளிப்பார்கள் (நம்மூர் விவசாயிகளுக்குப் பூஞ்சாண மருந்தாகப் பழக்கமான அதேதான்). இப்போது பிரிட்டனில் புல்தரைக்கு அதற்கு அனுமதி இல்லை. மிச்சமிருக்கும் வழி, எச்சம் காய்ந்திருக்கும்போது துடைப்பத்தாலோ சங்கிலிப் பாயாலோ கலைத்துவிடுவதும், வருஷா வருஷம் மேலே மணல் தூவுவதும்.

அந்த மணலின் கணக்கைப் பார்த்தால் சந்தா ஏன் ஏறுகிறது என்று புரியும். 5 மி.மீ. கனத்துக்குத் தூவ ஹெக்டேருக்கு 50 கன மீட்டர், அதாவது சுமார் 80 டன். 12 ஹெக்டேர் ஃபேர்வே என்றால் 960 டன். 20 டன் லாரியில் 48 நடை. கமிட்டி செலவைச் சுருக்க நினைத்தால் கை வைக்கச் சுலபமான இடம் இதுதான். அந்த வருஷம் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது குளிர்காலத்தில் தெரியும்.

கோடையில் வேறு வம்பு. களிமண் சுருங்கும்போது கீற்றுகளின் ஓரத்தில் வெடிப்பு விட்டு, மணல் உள்ளே இறங்கிவிடும். ஃபேர்வேயில் மீட்டருக்கு ஒரு கோடு விழுந்து, விபூதிப் பட்டை மாதிரி தெரிந்தால் அதுதான் விஷயம். உடனே மணல் நிரப்பாவிட்டால் மண் போய் அடைத்துக்கொள்ளும். வில்லோ, பாப்ளர் மரங்கள் பக்கத்தில் இருந்தால் வேர் குழாய்க்குள்ளேயே புகுந்து சடை பின்னிவிடும். ஆழக்கம்பி விட்டுத் துளையிடும் வேலையையும் தப்பான நேரத்தில் செய்யக் கூடாது. ஈரக் களிமண்ணில் கம்பி இறங்கினால் துளையின் சுவர் வழவழப்பாக மெழுகிப்போகும். வேரும் நுழையாது, நீரும் நுழையாது.

கிரீன் சங்கதி கொஞ்சம் ஆறுதலானது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி கட்டிய கிரீனில் மேலே 30 செ.மீ. மணற்கலவை, அதன் கீழ் 10 செ.மீ. சரளை, அதற்கும் கீழே 5 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் குழாய். ஆனால் பழைய பார்க்லேண்டில் பாதிக்கு மேல் அங்கேயே தோண்டிய மண்ணைக் குவித்துக் கட்டிய கிரீன்களாக இருக்கலாம். அகஸ்டாவும், 2027 ரைடர் கோப்பை நடக்கவிருக்கும் அயர்லாந்தின் அடேர் மேனரும் இதற்கு ஒரு படி மேலே போய், கிரீனடி வடிகாலோடு ஊதுகாற்று எந்திரத்தை இணைத்திருக்கின்றன. ஈரத்தை உறிஞ்சவும் செய்யும், வேருக்குக் காற்றை ஊதவும் செய்யும். அவற்றைப் பார்த்துவிட்டு உங்கள் ஊர் கிளப்பை எடைபோடாதீர்கள். அகஸ்டா கோடை முழுக்க உறுப்பினர்களுக்கே மூடிக் கிடக்கும் இடம்.

மரம்தான் பார்க்லேண்டின் சொத்து, வழக்கும் அதில்தான். கிரீனுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் அடர்ந்த மரவரிசை இருந்தால், குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் பட்டுப் பனி உருகுவதற்குள் மதியமாகிவிடும். காற்றும் நுழையாது. அந்த ஈர நிழலில் நல்ல புல் பின்வாங்க, போவா அனுவா என்னும் மேல்வேர்ப் புல் முன்னேறும். இலையுதிர் காலத்தில் மைக்ரோடோக்கியம் பூஞ்சாணம் அதைத்தான் முதலில் பிடிக்கும். காசளவு செம்பழுப்புத் திட்டுகள் பத்து நாளில் தட்டளவு ஆகும். பென்சில்வேனியாவின் ஓக்மாண்ட் மைதானம் ஒருகாலத்தில் நட்ட மரங்களை 1990-களிலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளியது. சாதாரண கிளப்பில் ஒரு மரத்தைத் தொட்டாலே ஆண்டுக் கூட்டத்தில் அடிதடி. எந்த மரமும் வெட்டாத கிளப் என்று பெருமையாகச் சொன்னால் நான் சற்றுத் தயங்குவேன்.

இத்தனை குறை சொல்லிவிட்டு ஏன் பார்க்லேண்ட் என்றால், வடிகால் சரியாக இருக்கும் பார்க்லேண்டில் ஜனவரியிலும் மரங்கள் காற்றைத் தடுத்துக் கொடுக்கும். லிங்க்ஸில் நீர் தேங்காதுதான். ஆனால் கடற்காற்று முகத்தில் அறையும்போது 20 ஹேண்டிகேப் ஆட்டக்காரர், அதாவது சுமாராக ஆடுபவர், பதினெட்டுக் குழியும் முடிப்பது தவம். இரண்டு நாள் விருந்தாளியாக அது அற்புதம். வாரா வாரம் வேறு கதை. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸிலேயே குளிர்காலத்தில் ஃபேர்வேயைக் காக்க, சின்னப் பாய் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் பந்தை வைத்து அடிப்பது வழக்கம். புல்கட்டி அடுக்கிக் கட்டிய பங்கர் (மணற்குழி) சுவர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை இடித்துக் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் போன்ற இடங்களில் கடல் மைதானத்தையே அரிக்கிறது. பார்க்லேண்டில் பந்தை உயர்த்தி, தூரம் கணக்கிட்டு இறக்கும் ஆட்டம் படியும். நடுத்தர ஆட்டக்காரருக்கு முதலில் வேண்டியது அதுதான் என்பது என் கட்சி. லிங்க்ஸில் வளர்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஹீத்லேண்ட் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆடியதெல்லாம் பெரும்பாலும் கோடையில். ஹெதருக்குள் போன பந்தை வெளியே எடுக்க வெட்ஜ் என்னும் சாய்முக மட்டையைத் தவிர வேறு மட்டையைத் தொட்டால் மணிக்கட்டு பேசும். பைன், பிர்ச் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்காவிட்டால் முப்பது நாற்பது வருஷத்தில் ஹீத் காடாகிவிடும். ஆனாலும் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு ஹீத்லேண்ட் இருந்து, அதில் இடமும் கிடைத்தால், மேலே சொன்ன வாதம் அத்தனையும் தளர்ந்துவிடும். பெரும்பாலோருக்கு அந்தத் தூரமும் அமையாது, இடமும் கிடைக்காது.

பார்க்லேண்ட் என்று முடிவானால் ஜூன் மாதம் போய்ப் பார்க்காதீர்கள்; அப்போது எல்லாமே பச்சை. நவம்பர் கடைசியில், நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்: மட்டைப்பை இழுக்கும் டிராலிக்குத் தடையா, எத்தனை கிரீனை மூடிவிட்டுத் தற்காலிக கிரீனில் ஆடவிடுகிறார்கள். போன குளிர்காலத்தில் எத்தனை நாள் மூடினார்கள் என்று கேளுங்கள். மைதானத்தைப் பராமரிக்கும் கிரீன்கீப்பரிடம் அதற்குப் பதிவேடு இருக்கும்; பதிவேடே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

பிறகு பயிற்சி கிரீனில் ஒரு குழிக்குப் பக்கத்தில் குந்துங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைக் கிண்ணம் மேற்பரப்புக்குக் குறைந்தது 25 மி.மீ. கீழேதான் தொடங்கும். ஆக அந்த ஓர் அங்குல மண் உங்கள் கண்ணுக்குத் திறந்தே இருக்கும். மணலும் வேரும் கலந்து சீராக இருந்தால் நல்லது. புல்லுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் கடற்பஞ்சு போல ஒரு பட்டை, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி நீர் கசிந்தால், மக்காத புல் சேர்ந்துவிட்டது என்று பொருள். எங்காவது புதிதாகக் குழி மாற்றிய மண்கட்டி கிடைத்தால் முகர்ந்து பாருங்கள். கறுப்புப் பட்டையும் அழுகிய முட்டை வாடையும் இருந்தால் அந்த மண் காற்றில்லாமல் மூச்சுத் திணறுகிறது.

கடைசியாக, மைதானத்தின் தாழ்ந்த மூலைக்கு நடந்து போய் ஓடைக்கரையில் குழாய் வாயைத் தேடுங்கள். மழை நின்ற மறுநாளும் அதிலிருந்து தெளிந்த நீர் விழுந்துகொண்டிருக்க வேண்டும். வாய் ஓடை நீருக்குள் மூழ்கியிருந்தாலோ, வறண்டு கிடக்க மேலே ஃபேர்வேயில் குளம் நின்றாலோ, சந்தாப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கிளப்பைப் பார்க்கலாம்.