டர்பன் சாலைகளுக்கு எந்த ஹெட்செட்: ஒற்றைக் காதா, இயர்பட்ஸா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டும்போது போனில் பேசியே ஆக வேண்டிய தொழில் என்றால், வாய்ப்பக்கம் மைக் நீளும் ஒற்றைக் காது ஹெட்செட்டை வாங்குங்கள். நான் வைத்திருப்பது பிளான்ட்ரானிக்ஸ் வாயேஜர் 5200. அந்த நிறுவனம் 2019-இல் பாலி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2022-இல் ஹெச்பி அதை வாங்கிவிட்டது. பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் பெட்டிகள் கிடைப்பதால் குழம்ப வேண்டாம். இயர்பட்ஸ், லாரி ஓட்டுநர்கள் தலையில் மாட்டும் பெரிய ஹெட்செட், சன்வைசரில் (தலைக்கு மேல் மடங்கும் வெயில் தடுப்பில்) செருகும் ஸ்பீக்கர் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதில் நின்றேன்.

என் தொழில் கோயில்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் பூ, தேங்காய், கற்பூரம் கொண்டுபோய்க் கொடுப்பது. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் என்று நாள் முழுக்கப் பழைய பாக்கி (பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப்) வண்டியில்தான் ஓட்டம். புளூடூத் எல்லாம் அந்த வண்டியில் கிடையாது. தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரத்திலும், ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழா சமயத்திலும் போன் ஓயாது. பூமாலை ஃபிஃப்டீனா (15), ஃபிஃப்டியா (50) என்பது இந்தத் தொழிலில் சின்ன விஷயம் இல்லை. வந்த ஆர்டரை நான் ஒருமுறை திருப்பிச் சொல்வேன். அது அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டால்தான் கணக்கு சரியாகும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தென்னாப்பிரிக்காவின் தேசியச் சாலைப் போக்குவரத்து விதிகள் 2000, விதி 308ஏ, ஓட்டும்போது போனைக் கையிலோ உடம்பின் வேறு எந்தப் பாகத்திலோ பிடித்திருக்கக் கூடாது என்கிறது. தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொள்வதும் இதில் அடங்கும். வண்டியில் பொருத்திய கருவிக்கும் காதில் மாட்டும் கருவிக்கும் அனுமதி உண்டு. கேப் டவுனில் பிடிபட்டால் போனையே எடுத்துக்கொள்ள நகராட்சி விதி இருக்கிறது. ஆனால் ரீயூனியன் தீவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த அலசலை அனுப்பாதீர்கள். அங்கே பிரெஞ்சுச் சட்டம். 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவர் காதில் எதையும் மாட்டக் கூடாது. மீறினால் 135 யூரோ அபராதம், உரிமத்தில் 3 புள்ளி போகும்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. 1997-இல் டொராண்டோ ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், போன் பேசும்போது விபத்து வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதில் எந்தச் சலுகையும் தெரியவில்லை. பேச்சில் போவது கை இல்லை, கவனம். அதனால்தான் ஒவ்வொரு அழைப்பும் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். எதிர்முனையில் 'என்ன? சரியாகக் கேட்கவில்லை' என்ற கேள்வி வரும்போதெல்லாம் என் கவனம் இன்னும் அரை நிமிடம் சாலையை விட்டுப் போகிறது. ஹெட்செட்டில் எனக்கு எப்படிக் கேட்கிறது என்பது இரண்டாம் பட்சம். அவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். கடையில் இதைச் சோதிக்கவே முடியாது. பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள், அருமையாக இருக்கும், வாங்கி வந்துவிடுவோம்.

இங்கே மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லாமே. தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்குப் போகும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். டயர் இரைச்சலும், டீசல் எஞ்சினும், டர்பன் துறைமுகத்திலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் ஏறும் கன்டெய்னர் லாரிகளின் சத்தமும் அப்படிக் குறைவதில்லை. அவை வண்டிக்குள் எங்கும் நிறைந்திருக்கின்றன. இயர்பட்ஸில் மைக் காதோடு ஒட்டி இருக்கிறது. சன்வைசர் ஸ்பீக்கரில் அது இன்னும் பல மடங்கு தள்ளி, நெற்றிக்கு மேலே. வாயேஜரில் தண்டு கன்னத்தின் மேல் வாயை நோக்கி நீள்கிறது. நான்கு மைக் வைத்திருக்கிறார்கள், காற்று இரைச்சலுக்குத் தனித் தடுப்பும் உண்டு. இயர்பட்ஸ் இந்தத் தூரத்தை மென்பொருளால் ஈடுகட்டப் பார்க்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் அது நன்றாகவே நடக்கிறது. ஜன்னல் பாதி திறந்த வண்டியில் இரைச்சலை வெட்டும்போது குரலின் நுனிகளையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. எண்களும் முகவரிகளும் அந்த நுனிகளில்தான் இருக்கின்றன.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாட்டுக் கேட்கும்போது புளூடூத் ஒரு வழியில் ஒலியை அனுப்புகிறது. அழைப்பு வந்ததும் மைக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருப்பதால் வேறு வழிக்கு மாறிவிடுகிறது. பாட்டில் அவ்வளவு துல்லியமாக இருந்த இயர்பட்ஸ் அழைப்பில் தகர டப்பா மாதிரி ஆவதற்குக் காரணம் இதுதான். பழைய அழைப்பு முறையில் ஒலி நொடிக்கு 8,000 மாதிரிகளாகத்தான் போகும். ஸ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை அதில் தங்காது. 2011-இல் வந்த முறை அதை 16,000 ஆக்கியது. பெட்டியில் வைட்பேண்ட் அல்லது எச்டி வாய்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் போனும் அதை ஏற்க வேண்டும், எதிர்முனையும் ஏற்க வேண்டும். இது இல்லாத ஹெட்செட் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

அப்புறம் எந்தக் காது? நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், ஜன்னலும் வலப்பக்கம். ஹெட்செட்டை இடக் காதில் மாட்டினால் மைக் காற்றிலிருந்து விலகி நிற்கும். வலக் காது வெளியுலகத்துக்குத் திறந்திருக்கும். ஆம்புலன்ஸ் சைரனும், மினிபஸ் டாக்ஸிகளின் ஹாரனும் முன்கூட்டியே கேட்கும். இயர்பட்ஸில் ஒன்றை மட்டும் மாட்டலாமே என்பார்கள். மாட்டலாம், ஆனால் தொட்டால் வேலை செய்யும் அந்த வழவழப்பான பரப்பில் வியர்த்த விரல் பட்டால் அழைப்பு கட்டாகிவிடும். காதிலிருந்து நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தாலோ ஓட்டுபவர் குனிந்து தேடுவார். வாயேஜரில் அழைப்பவர் பெயரை ஒரு குரல் சொல்லும். 'ஆன்சர்' என்று சொன்னால் எடுத்துக்கொள்ளும், எதையும் தொட வேண்டாம். தொழில் போன், வீட்டுப் போன் இரண்டோடும் ஒரே சமயத்தில் இணைந்திருக்கும்.

பெரிய ஹெட்செட்டுக்கு வருகிறேன். புளூபேரட் பி450-எக்ஸ்டி மைக் விஷயத்தில் வாயேஜரையும் தோற்கடிக்கும். மைக் உதட்டோரத்திலேயே இருக்கிறது. ஒரு சார்ஜில் 24 மணி நேரம் வரை பேசலாம் என்கிறது நிறுவனம்; வாயேஜருக்கு 7 மணி நேரம்தான். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை வான் ரீனன் கணவாய் ஏறி லாரி ஓட்டுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு ஒத்துவரவில்லை. ஜனவரிப் புழுக்கத்தில் தலைப்பட்டையும் பஞ்சும் வியர்வையில் ஊறிவிடுகின்றன. ஒவ்வொரு கோயில் வாசலிலும் இறங்கி ஏறுபவருக்கு அதைக் கழற்றி மாட்டுவதே வேலையாகிவிடும்.

சன்வைசர் ஸ்பீக்கரின் நல்ல குணம், காதில் எதுவும் வேண்டாம் என்பது. தனியாக, அமைதியான காரில் போகிறவருக்குப் போதும். எனக்கு அது உதவவில்லை. பக்கத்தில் உதவிக்கு வரும் தம்பிக்கு வாடிக்கையாளரின் கடன் கணக்கு முழுக்கக் கேட்கும். எதிர்முனையில் பேசும் அந்த வாடிக்கையாளருக்கு அது தெரியவும் தெரியாது.

இந்த ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. டாஷ்போர்டில் போனை மாட்டி வைத்துப் பேசினால் சிவப்பு ரோபோட்டில் (இங்கே சிக்னலுக்கு அப்படித்தான் பெயர்) நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பிடுங்கிவிடுவார்கள். ஹெட்செட் என்றால் போன் கபிஹோலுக்குள் (டாஷ்போர்டின் மூடிய அறைக்குள்) கிடக்கும், யார் கண்ணிலும் படாது.

வாயேஜரில் குறைகள் இல்லாமல் இல்லை. 20 கிராம்தான் என்றாலும் மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதின் பின்புறம் இடம் போதாது, மாலையில் வலிக்கும். முதலில் வந்த மாடலில் சார்ஜ் துளை மைக்ரோ யுஎஸ்பி. யுஎஸ்பி-சி உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். எந்த வகையானாலும் பேட்டரி ஒருநாள் தளரும், மாற்றவும் வழியில்லை. வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போனால் இன்னும் சீக்கிரம் தளரும். மின்வெட்டு வந்தாலும் வண்டியின் லைட்டர் சாக்கெட் இருப்பதால் சார்ஜ் ஒரு பிரச்சினையே ஆகவில்லை. எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகையை நண்பர் ஒருவருடையதைக் கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்ததோடு சரி. காது இரண்டும் திறந்திருப்பது பிடித்திருந்தது. மைக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் அதில் பேசவில்லை.

வாங்குவதாக இருந்தால் இணையக் கடையில் வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. அந்த 7 நாளுக்குள் உங்கள் சொந்த வண்டியில், ஜன்னலைத் திறந்து வைத்து, நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்ச் சோதியுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் இருப்பவரிடம் நாலைந்து எண்களையும் ஒரு தெருப் பெயரையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதியது தப்பாக இருந்தால் பெட்டியோடு திருப்பிவிடுங்கள். காதில் வைத்த பொருள் என்று சொல்லித் தகராறு செய்யும் கடைகளும் உண்டு என்பதால், பணம் கட்டும் முன்பே அவர்களுடைய திருப்பி எடுக்கும் விதிமுறைகளைப் படித்துவிடுங்கள்.