பைபர் படகுக்கு மர அச்சா, பைபர் அச்சா?

குருநகர், பருத்தித்துறைப் பக்கம் பைபர் (கண்ணாடியிழை) படகு வார்க்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது, படகை வார்த்தெடுக்கும் அச்சை மரத்தில் செய்வதா, பைபரில் செய்வதா என்பதில்தான்.

செலவு: மர அச்சு மலிவு. பைபர் அச்சுக்கு முதலில் மாதிரி உரு ஒன்று செய்து, அதைத் தேய்த்து மினுக்கி, அதன்மேல் அச்சை வார்க்க வேண்டும் என்பதால் காசும் கூட, நாளும் கூட.

எவ்வளவு காலம் உழைக்கும்: மரம் மாரியில் ஈரம் குடித்து உப்பிவிடும், ரெசின் (கண்ணாடியிழையைப் பிணைக்கும் பிசின்) இறுகும்போது வரும் சூட்டில் மேற்பூச்சு வெடிக்கும், சில படகுகளோடு சரி. பைபர் அச்சோ, ஒவ்வொரு முறையும் படகு ஒட்டாமலிருக்க மெழுகை ஒழுங்காகப் பூசினால், பல பத்துப் படகுகள் தரும்.

அச்சிலிருந்து படகைக் கழற்றல்: இரண்டு அச்சிலும் பக்கச்சுவர் 2, 3 பாகையாவது வெளியே விரிந்திருக்கட்டும், கூர்மூலை வேண்டாம். இதைக் கவனிக்காவிட்டால் படகை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

ஒரே ஒரு படகென்றால் மரம் போதும். அதே வடிவில் தொடர்ந்து செய்யப்போகிறீர்களா, பைபர்தான். ஆனால் அச்சின் தடிப்பு படகினதைப்போல் 2 மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் கோணிவிடும்.