செவ்வாய்பேட்டை வீட்டில் உறிஞ்சுகுழி: மூன்று மழைக்குப் பிறகு
தாத்தா கட்டிய ஓட்டு வீடு, கொல்லை முழுக்க சிமெண்ட், மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி போட நாங்கள் அழைத்த ஆட்கள் வந்து சிமெண்ட்டைப் பெயர்த்து, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி ஐந்தடிக் குழி எடுத்து, அடியில் கருங்கல், மேலே ஜல்லி, அப்புறம் மணல் போட்டு, ஓரமாகக் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டார்கள். 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பேருக்கு ஒரு குழாய் வைத்தவர்கள்தான் நாங்கள்!

இரண்டாவது மழையில் சருகு அடைத்துத் தேங்கியது, குழி போட்டவர்கள் நாலு நாள் போனே எடுக்கவில்லை. நானே மேல்மணலைச் சுரண்டி மாற்றினேன், இப்போது அரைமணியில் வடிகிறது. தோண்டிய மண்ணைத் தெருவில் கொட்டிவிட்டுப் போனதுதான் எரிச்சல். சேலம் மூக்கனேரி ஏரியில் தூர்வாரிய மண்ணையே தீவாக்கி மரம் வைத்தார்கள், இங்கே நான் மினி லாரி தேடி அலைந்தேன்.