ஸ்டார்ட்டர் கிட் விமர்சனம்: கணக்கு 4.5 சொல்கிறது, மீட்டர் 3 காட்டுகிறது

பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), ரெசிஸ்டர் (மின்தடை) கட்டு, எல்இடிகள், கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேமிப்பவை), 9 வோல்ட் பேட்டரி, வோல்டேஜும் கரண்டும் அளக்கும் மலிவு ரக டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, ஒரு கையேடு. எலக்ட்ரானிக்ஸ் கற்கத் தொடங்குபவர்களுக்கான இந்தப் பெட்டியில் பாகங்களைக் குறை சொல்ல முடியாது. கையேடுதான் பாதி வழியில் விட்டுவிடுகிறது.

முதல் பாடம் எல்இடி. சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட், 470 ஓம் ரெசிஸ்டர் என்றால் கரண்ட் சுமார் 15 மில்லியாம்ப். கணக்கு சரி. அளந்து பார் என்று மட்டும் கையேடு சொல்வதில்லை. அளந்தால் 14-ம் வரலாம், 16-ம் வரலாம். தங்க வளையம் போட்ட ரெசிஸ்டர் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கும். புது பேட்டரியும் 9-க்குச் சற்று மேலேயே காட்டும். எரியவே இல்லையா? எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சில போர்டுகளில் ஓரத்து சப்ளை வரிசை நடுவில் துண்டாகி இருக்கும், அதையும் பாருங்கள்.

பெட்டியின் உண்மையான மதிப்பு கையேட்டில் இல்லாத ஒரு சோதனையில் இருக்கிறது. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக 9 வோல்ட் பேட்டரியில் இணைத்து, ஒன்றின் குறுக்கே அளந்தால் கிட்டத்தட்ட 4.5 வோல்ட். இப்போது இரண்டையும் 1 மெகா ஓமாக மாற்றுங்கள். இரண்டும் சமம் என்பதால் 9-ஐப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, சூத்திரப்படி அதே 4.5 வர வேண்டும். மீட்டர் 3 காட்டும். அடுத்ததை அளந்தாலும் 3. இரண்டையும் சேர்த்து அளந்தால் 9! மூன்று வோல்ட் எங்கே போனது?

ஓம் விதி (வோல்டேஜ் = கரண்ட் × மின்தடை) பொய்க்கவில்லை. இத்தகைய மலிவு மீட்டர்களின் உள் மின்தடை பெரும்பாலும் 1 மெகா ஓம்தான். அளக்கும்போது அது ரெசிஸ்டருக்கு இணையாகச் சேர்ந்து அந்தப் பாதியை அரை மெகா ஓமாக்கிவிடுகிறது. 9-ல் மூன்றில் ஒரு பங்கு, 3 வோல்ட். உள் மின்தடை 10 மெகா ஓம் உள்ள மீட்டரில் 4.3 அளவில் வரும். உங்கள் மீட்டர் எந்த ரகம் என்பதை இந்த ஒரு அளவை வைத்தே கணக்கிட்டுவிடலாம்.

கெப்பாசிட்டர் பாடத்திலும் இதே சிக்கல். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே 9 வோல்ட்டில் சார்ஜ் செய்தால் 10 விநாடியில் 5.7 வோல்ட் என்கிறது கையேடு. 1 மெகா ஓம் மீட்டரை மாட்டியே வைத்திருந்தால், அதன் வழியே கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருப்பதால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 8.2-ஐத் தாண்டாது. கையேடு இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

மீட்டரைக் கரண்ட் ரேஞ்சில் வைத்துப் பேட்டரியின் இரு முனையையும் நேராகத் தொட்டால் அதன் உள்ளிருக்கும் ஃப்யூஸ் போய்விடலாம். அதன்பின் வோல்டேஜ் ஒழுங்காகக் காட்டும், கரண்ட் மட்டும் பூஜ்யம். சர்க்கியூட்டில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பெட்டியில் உதிரி ஃப்யூஸ் இல்லை. மீட்டரில் அச்சிட்டிருக்கும் அதே அளவில் இரண்டு தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.