வயது வரிசையா, வேலை வரிசையா: முதல் ஊசி யாருக்கு?

தடுப்பூசி வந்துவிட்டது என்று செய்தி வந்த அன்றே வீடுகளில் எழுந்த கேள்வி, "நமக்கு எப்போது?" பாதுகாப்பானதா, பக்க விளைவு உண்டா என்பதெல்லாம் அடுத்த நாள் பேச்சு.

2020 டிசம்பரில் கொரோனா ஊசி கைக்கு வந்தபோது எந்த நாட்டிடமும் எல்லாருக்கும் போதுமான அளவு இல்லை. யாராவது காத்திருந்தே ஆக வேண்டும். யாரைக் காக்க வைப்பது என்பதில்தான் நாடுகள் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்தன. அந்த வழிகளை வரிசையில் நிற்கிறவருடைய இடத்திலிருந்து பார்க்கிறேன். ஆட்சியாளருக்கு எது வசதி என்பது வேறு கணக்கு.

பிரிட்டன் வயதைப் பிடித்துக்கொண்டது. 2020 டிசம்பர் 8 அன்று கோவென்ட்ரியில் 90 வயது மார்கரெட் கீனன் முதல் ஊசி போட்டுக்கொண்டார். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் முதலில், அப்புறம் 80 தாண்டியவர்களும் மருத்துவப் பணியாளர்களும், அப்புறம் 75, 70, 65 என்று இறங்கி 50 வரை மொத்தம் 9 பிரிவுகள். நடுவில் இணை நோய் உள்ளவர்களுக்கும் இடம் இருந்தது. இந்த நோயில் வயது ஏற ஏற சாவு கிடுகிடுவென்று கூடுகிறது என்பதுதான் காரணம். ஆசிரியர்களையும் போலீஸ்காரர்களையும் முன்னால் விடுங்கள் என்று குரல்கள் எழுந்தன. 2021 பிப்ரவரியில் ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை; தொழில் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தால் வேகம் போய்விடும் என்றது.

குறை இல்லாத வழி என்று சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கிற 55 வயதுக்காரர், நாள் முழுக்கப் பேருந்து ஓட்டுகிற 35 வயதுக்காரருக்கு முன்னால் போய்விடுகிறார். ஓட்டுநருக்குக் கோபம் வரும், வரவேண்டிய கோபம்தான். ஆனாலும் தன் முறை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நேற்று 60 வயது, இன்று 55, அடுத்து 50. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்கா வேலையையும் கணக்கில் எடுத்தது. மருத்துவப் பணியாளர்களும் முதியோர் இல்லவாசிகளும் முதல் கட்டம். இரண்டாவதில் 75 தாண்டியவர்களும், அவர்களோடு ஆசிரியர், போலீஸ், தீயணைப்பு வீரர், மளிகைக் கடைப் பணியாளர் போன்ற முன்களப் பணியாளர்களும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் நியாயம். தொற்றுக்கு நடுவில் நின்று வேலை செய்கிறவருக்கு முன்னுரிமை தர வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

சிக்கல் "அத்தியாவசியம்" என்ற சொல்லில் இருந்தது. மளிகைக் கடையில் கல்லாவில் இருப்பவர் அத்தியாவசியம் என்றால் அந்தக் கடைக்குச் சரக்கு இறக்குகிறவர் யார்? அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்? பிறந்த தேதியைக் காட்டினால் வயது தெரிந்துவிடும். வேலையை நிரூபிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். கடிதம் வாங்க முடியாதவர்கள்தான் பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். போதாக்குறைக்கு மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் மாறியது. கனெக்டிகட் மாநிலம் 2021 பிப்ரவரியில் பட்டியலையே ஓரமாக வைத்துவிட்டு, ஆசிரியர்களையும் குழந்தைக் காப்பகப் பணியாளர்களையும் மட்டும் தனியாக நிறுத்திக்கொண்டு, மற்றவர்களுக்கு வயதுதான் கணக்கு என்று திரும்பிக்கொண்டது.

இந்தோனேசியா இன்னும் ஒரு படி போனது. 2021 ஜனவரி 13 அன்று அதிபர் ஜோக்கோ விடோடோ போட்டுக்கொண்டு தொடங்கிய திட்டத்தில், மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்து 18 முதல் 59 வயது வரை உழைக்கிறவர்களைக் குறிவைத்தார்கள். கைவசம் இருந்த சீனாவின் சினோவாக் ஊசி முதியவர்களிடம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அப்போது போதுமான தரவு இல்லை. வெளியே நடமாடுகிறவர்களுக்குப் போட்டால் பரவலும் குறையும், பிழைப்பும் ஓடும் என்பது இன்னொரு கணக்கு. பிப்ரவரியில் முதியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பூட்டான் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. 2021 ஜனவரியிலேயே இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் டோஸ் வந்து இறங்கியும் அவர்கள் தொடங்கவில்லை. மீதி 4 லட்சமும் வரட்டும், எல்லாருக்கும் ஒரே வீச்சில் போட்டுவிடலாம் என்று காத்திருந்தார்கள். நாளும் கோளும் பார்த்து, மார்ச் 27 அன்று காலையில், அவர்கள் நாட்காட்டிப்படி குரங்கு ஆண்டில் பிறந்த 30 வயதுப் பெண்ணுக்கு அதே ஆண்டுக்காரரான இன்னொரு பெண் ஊசி போட்டுத் தொடங்கினார். சுமார் இரண்டு வாரத்தில் தகுதியுள்ள பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குப் போட்டு முடித்தாயிற்று. யார் முன்னால், யார் பின்னால் என்ற சண்டைக்கே இடமில்லை. சின்ன நாடு, நோயும் குறைவு, அதனால் முடிந்தது. தினமும் ஆயிரம் பேர் சாகிற நாட்டில் குளிர்பதனப் பெட்டியில் ஊசியை வைத்துக்கொண்டு நல்ல நாளுக்குக் காத்திருந்தால் மக்கள் சும்மா விடமாட்டார்கள்.

இரண்டு தவணைக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதிலும் இதே கதைதான். பிரிட்டன் 2020 டிசம்பர் 30 அன்றே 12 வாரம் வரை தள்ளலாம் என்றது, முதல் தவணை நிறையப் பேருக்குப் போய்ச் சேரட்டும் என்ற காரணத்தோடு. இரண்டாம் தவணைக்குத் தேதி வாங்கி வைத்திருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். இந்தியாவில் கோவிஷீல்டுக்கு 4 முதல் 6 வாரம் என்று தொடங்கி, 2021 மார்ச்சில் 6 முதல் 8 வாரம், மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என்று மாறியது. தடுப்பூசித் தட்டுப்பாடு தலைப்புச் செய்தியாக இருந்த மாதம் அது. நீண்ட இடைவெளிக்கு அறிவியல் ஆதாரம் இருந்தும், "கையில் ஊசி இல்லை, அதனால்தான் தள்ளுகிறார்கள்" என்ற பேச்சை அந்த நேரத்தில் நிறுத்த முடியவில்லை.

பக்க விளைவு பற்றிய பயத்தை யார் நன்றாகக் கையாண்டார்கள் என்று கேட்டால், யாரும் முழு மதிப்பெண் வாங்கவில்லை. பிரான்ஸ் 2021 பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்ட்ராசெனகா ஊசி 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் என்றது. மார்ச் 19க்குள், அரிதான ரத்த உறைவு பற்றிய எச்சரிக்கைக்குப் பிறகு, 55க்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் என்று தலைகீழாகத் திருப்பியது. ஒவ்வொரு முடிவுக்கும் அந்தந்த நேரத்தில் காரணம் இருந்தது. ஆனால் 60 வயதுக்காரரைத் தவிர வேறு யாருக்கு இரண்டு முறையும் ஒரே பதில் கிடைத்தது? டென்மார்க் ஏப்ரலில் அந்த ஊசியையே கைவிட்டது. பிரிட்டன் நிறுத்தவில்லை, 30க்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ஊசி இருந்தால் அதைப் போடுங்கள் என்று ஏப்ரல் 7 அன்று சொல்லி, மே மாதம் அந்த வயதை 40 ஆக்கியது. மூன்றில் பிரிட்டன் வழிக்கே என் ஓட்டு. ஆபத்து எந்த வயதில் நன்மையைத் தாண்டுகிறது என்று எண்களோடு விளக்கினார்கள்.

தயங்குகிறவர்களை இழுக்கப் பரிசா, கட்டுப்பாடா? ஒஹாயோ மாநிலம் 2021 மே மாதம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 10 லட்சம் டாலர் குலுக்கல் வைத்தது. அதனால் எண்ணிக்கை கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. பிரான்சில் ஜூலை 12 அன்று, உணவகத்துக்கும் ரயிலுக்கும் ஊசி போட்டதற்கோ தொற்று இல்லை என்பதற்கோ சான்று வேண்டும் என்று அதிபர் மக்ரோன் அறிவித்தார். ஒரே நாளில் 9 லட்சத்துக்கும் மேல் முன்பதிவு. தெருக்களில் போராட்டமும் கூடவே வந்தது. ஆஸ்திரியா 2022 பிப்ரவரியில் எல்லாப் பெரியவர்களுக்கும் கட்டாயம் என்று சட்டமே போட்டு, மார்ச்சில் நிறுத்திவைத்து, சில மாதங்களில் கைவிட்டது.

கடைசியாக, வரிசைக்கு வெளியே நடந்த இரண்டு சம்பவங்கள். பெருவில் 2021 பிப்ரவரியில் ஒரு பட்டியல் வெளியானது: முன்னாள் அதிபர் மார்ட்டின் விஸ்காரா உட்பட 487 பேர் பொதுமக்களுக்கு முன்பே ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார்.

மற்றொன்று டெக்சாஸில், 2020 டிசம்பர் 29 இரவு. முகாம் முடிகிற நேரத்தில் கடைசியாக ஒருவர் வந்ததால் புதுக் குப்பியைத் திறந்தார்கள். திறந்தால் 6 மணி நேரம்தான் தாங்கும். மிச்சம் 10 டோஸ். பொறுப்பில் இருந்த மருத்துவர் தெரிந்தவர்களையெல்லாம் போனில் அழைத்து, முதியவர்களையும் படுக்கையில் கிடந்தவர்களையும் தேடிப் போய்ப் போட்டார். நள்ளிரவை நெருங்கும்போது மீந்த ஒன்றை, நுரையீரல் நோய் இருந்த தன் மனைவிக்குப் போட்டார். மறுநாள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். சில நாளில் வேலை போனது, திருட்டு வழக்கும் வந்தது. மிச்சத்தைத் திருப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பையில் போட்டிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் தன்னிடம் சொன்னதாக அவர் பிறகு தெரிவித்தார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2021 ஜூனில், பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழுவும் குற்றம் சாட்ட மறுத்தது. பெருவின் 487 பேரும் இந்த 10 பேரும் விதிப்புத்தகத்தில் ஒரே பக்கம்தான், வரிசை தாண்டியவர்கள்.