மாடிச் சுவரில் மாட்டிய ‘தேனீ வீடு’: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இணையத்தில் 1,450 ரூபாய்க்கு விற்கப்படும் ‘தேனீ வீடு’ ஒன்றைக் கடந்த தை மாதம் வாங்கி, மதுரையில் உள்ள எங்கள் வீட்டு மாடித் தோட்டத்தில் மாட்டினேன். ஒரு முழ உயரம், கூம்புக் கூரை, உள்ளே மூங்கில் குழல்கள், துளையிட்ட மரக்கட்டை, நடுவில் பைன் காய்கள் என்று அமைந்த பெட்டி அது. வந்த அன்றே எழுதியிருந்தால், பார்க்க லட்சணமாக இருந்ததற்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

அட்டைப் பெட்டியின் மேல் தேனடையும் தேனீக் கூட்டமும் அச்சிடப்பட்டுள்ளன. இதை நம்பி வாங்குபவர் ஏமாறுவார். கூட்டமாக வாழும் அடுக்குத் தேனீ இதற்குள் குடிவராது. ஒரு சொட்டுத் தேனும் கிடைக்காது. இது தனித்து வாழும் தேனீக்களுக்கு, அதிலும் குழல் போன்ற பொந்துகளில் முட்டையிடும் இலைவெட்டித் தேனீ போன்றவற்றுக்கு மட்டுமே உரியது. கத்தரி, தக்காளிப் பூக்களைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீகூட மண்ணில்தான் வளை தோண்டும் என்பதால், காய்கறி விளைச்சல் இரட்டிப்பாகும் என்ற விளம்பர வாசகத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையான குறை குழல்களில் இருக்கிறது. பெரும்பாலானவை கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அகலமானவை. நீளமோ 6 செ.மீ.தான், பின்புறமும் அடைக்கப்படவில்லை. இலைவெட்டித் தேனீக்கள் பெண்ணாகப் போகும் முட்டைகளைக் குழலின் உட்புறத்திலும் ஆண் முட்டைகளை வாயிலருகிலும் இடும் இயல்புடையவை. ஆகவே, குட்டையான குழலில் ஆண்களே மிகுதியாகப் பிறக்கும், அடுத்த தலைமுறை மெலியும். குழல்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பது அதைவிட மோசம். பூஞ்சையோ உண்ணியோ பிடித்தால் பழைய குழலை உருவி எறிந்து புதியதைச் செருக வழியே இல்லை. பைன் காய்களில் பல்லி ஒன்று நிரந்தரமாகக் குடியேறியதைத் தவிர வேறு பயன் எதையும் நான் காணவில்லை. விற்றவர்களுக்கு இதையெல்லாம் எழுதியதற்கு, ‘இயற்கைப் பொருள், அளவு மாறத்தான் செய்யும்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

மாசி முடியும்வரை ஒரு குழல்கூட அடைபடவில்லை. பிறகு பசையோடு மல்லுக்கட்டிக் குழல்களைப் பெயர்த்துவிட்டு, பந்தல் போட்டு மிஞ்சிய மெல்லிய மூங்கிலைக் கணுவை ஒட்டி 15 செ.மீ. துண்டுகளாக அறுத்து அடுக்கினேன். கணு ஒரு முனையை அடைத்துவிடுவதால் பின்பக்கத்துக்குத் தனியாக எதுவும் வைக்கத் தேவையில்லை. உள்விட்டம் 4 முதல் 8 மி.மீ. வரை இருக்குமாறு தேர்ந்தெடுத்து, வாய்ப்பக்கச் சிலும்புகளை உப்புத்தாளால் தேய்த்தேன். சிலும்பு தேனீயின் சிறகைக் கிழித்துவிடும். பிற்பகல் வெயில் படாதபடி கிழக்குச் சுவருக்கு மாற்றினேன்.

பங்குனியில் ஒரு காலை, வயிற்றுக்கடியில் பச்சைச் சுருட்டு ஒன்றைக் கவ்வியபடி இலைவெட்டித் தேனீ வந்து இறங்கியது. அரைமணி நேரத்துக்குள் ஏழெட்டு முறை போய்வந்தது. மாலையில் பார்த்தபோது, குழலின் வாய் வட்டமான இலைத் தகடுகளால் மூடப்பட்டிருந்தது. இலை எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த வீட்டு அக்கா சொல்லித்தான் அறிந்தேன்: அவருடைய ரோஜாச் செடியின் இலையோரங்களைக் காசு வைத்து வெட்டியதுபோல் யாரோ வெட்டியிருந்தார்களாம். செடிக்கு ஒன்றும் ஆகாது என்று அவரைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆனது. இந்தத் தேனீக்கள் விரும்பி வரும் துவரையும் கிலுகிலுப்பையும் தொட்டியிலேயே வளர்கின்றன. அவை பூத்த பிறகு வரத்து கூடியது. நான் வைத்த 18 துண்டுகளில் 11 அடைபட்டன. அவற்றில் இரண்டு மண்ணால் பூசப்பட்டவை, குளவியின் வேலை. செடிப் புழுக்களைப் பிடிப்பதால் அதையும் விட்டுவைத்தேன்.

கூரை மட்டும் குறை சொல்ல முடியாதது. முன்பக்கம் நான்கு விரல் நீண்டிருப்பதால் ஐப்பசி அடைமழையிலும் குழல்கள் நனையவில்லை. நான் கொடுக்கும் இரண்டு நட்சத்திரமும் அதற்குத்தான்.